கோதுமையின் வெப்பத் தாங்குதிறனுக்கு ஒரே மரபணு போதுமா?

கேள்வி: பூக்கும் பருவத்தில் வெப்பம் 35 பாகை செல்சியஸைத் தாண்டினால் மகரந்தம் மலடாகி மணிகளின் எண்ணிக்கை குறையும் என்று படித்தேன். துரு நோய்க்குச் செய்வதுபோல, வெப்பத்தைத் தாங்கும் மரபணு ஒன்றைக் கண்டறிந்து புதிய ரகத்தில் சேர்த்துவிட முடியாதா?

மறுமொழி 1: அவ்வளவு எளிதன்று; வெப்பத்தைத் தாங்குவது பல மரபணுக்கள் சேர்ந்து செய்யும் வேலை. இயல்பான நிலையில் மற்ற புரதங்களைச் சூட்டிலிருந்து காக்கும் எச்எஸ்பி70, எச்எஸ்பி90 ஆகிய புரதங்கள் எச்எஸ்எஃப்ஏ1 என்னும் கட்டுப்பாட்டுப் புரதத்தை முடக்கி வைத்திருக்கின்றன. சூடேறி மற்ற புரதங்கள் உருக்குலையத் தொடங்கியதும் இவை அவற்றைக் காக்கச் சென்றுவிடுவதால், விடுபட்ட எச்எஸ்எஃப்ஏ1 மும்மூன்றாக இணைந்து, டிஎன்ஏவைப் பற்றிக்கொண்டு ஏராளமான மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. போதாக்குறைக்கு, ரொட்டிக் கோதுமையில் ஏ, பி, டி என மூன்று மரபணுத் தொகுதிகள் இருப்பதால், ஒரே மரபணு பெரும்பாலும் மூன்று பிரதிகளாக இருக்கும்; ஒரு பிரதியில் செய்யும் மாற்றத்தை மற்ற இரண்டும் பெரும்பாலும் மறைத்துவிடுகின்றன.

மறுமொழி 2: மேலே சொன்னது சரிதான். ஆயினும் சிறு மாற்றத்தைக் குறைவாக மதிப்பிட வேண்டாம். ஒளிச்சேர்க்கைக்குத் தேவையான ரூபிஸ்கோ ஆக்டிவேஸ் நொதியின் ஒரு வடிவில், 159ஆம் இடத்திலுள்ள மெதியோனின் என்னும் அமினோ அமிலத்தை ஐசோலூசின் என்னும் மற்றோர் அமினோ அமிலமாக மாற்றியபோது, அது சிறப்பாகச் செயல்படும் வெப்பநிலை 5 பாகை உயர்ந்தது. இது ஆய்வகத்தில் தனித்த நொதியில் கண்டது. வயலில் விளைச்சலாக மாறுமா என்பது வேறு கேள்வி.

கேள்வி கேட்டவர்: நன்றி. அப்படியானால் மூன்று பிரதிகளையும் ஒருசேரத் திருத்த, டிஎன்ஏவைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டி மாற்றும் கிரிஸ்பர் நுட்பம் உதவுமா?

மறுமொழி 1: உதவும். வெட்ட வேண்டிய இடத்தைக் காட்டும் வழிகாட்டி ஆர்என்ஏ, மூன்றிலும் பொதுவான டிஎன்ஏ வரிசையைக் குறிவைத்தால் போதும். 2014இலேயே சாம்பல் நோய்க்கு இடங்கொடுக்கும் எம்எல்ஓ மரபணுவின் மூன்று பிரதிகளையும் மரபணுத் திருத்தத்தால் செயலிழக்கச் செய்திருக்கிறார்கள்.