ஹைஃபன் இன்னும் வேண்டுமா?

மெய்ப்புக்காரர்:
ஆங்கில விளையாட்டுச் செய்தி ஒன்றைத் திருத்தும்போது தலை சுற்றிவிட்டது. ஓர் ஆட்டக்காரர் தன் பழைய கிளப்போடு மறுபடி ஒப்பந்தம் போட்டார் என்பதுதான் செய்தி. 'ரீ-சைன்ட்' என்று வந்திருக்க வேண்டும். எழுதியவர் ஹைஃபனை, அதாவது நடுவில் வரும் சின்னக் கோட்டை, விட்டுவிட்டார். அது 'ரிசைன்ட்' ஆகி, ஆள் ராஜினாமாவே செய்துவிட்டார்! கேட்டால், "இப்போ யார் சார் அந்தக் கோடு போடுறாங்க?" என்கிறார்.

கோடுவேண்டாம்:
சரியாகத்தான் கேட்டிருக்கிறார். 2007இல் ஷார்ட்டர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியே ஏறக்குறைய 16,000 சொற்களில் ஹைஃபனைக் கழற்றிவிட்டது. 'ஐஸ் கிரீம்' பிரிந்தது, 'பம்பிள்பீ' ஒட்டிக்கொண்டது. யாருக்காவது அர்த்தம் புரியாமல் போனதா?

மெய்ப்புக்காரர்:
அவை பெயர்ச்சொற்கள். புழங்கிப் புழங்கிக் கோடு உதிர்ந்துவிடும், சரி. நான் சொல்வது, பெயருக்கு முன்னால் இரண்டு சொல் சேர்ந்து அடைமொழியாக வரும் இடத்தை. 'ஸ்மால்-பிசினஸ் ஓனர்' சிறுதொழில் நடத்துகிறவர். கோட்டை எடுத்தால் ஓனரே குள்ளமாகிவிடலாம். பெயருக்குப் பின்னால் வந்தால் பெரும்பாலும் கோடு வேண்டாம்: 'வெல்-நோன் ரைட்டர்', ஆனால் 'தி ரைட்டர் இஸ் வெல் நோன்'. 'ஹைலி பெய்ட்' மாதிரி 'லி'யில் முடியும் வினையடைக்குப் பிறகும் கூடாது. அங்கே குழம்ப வழியே இல்லை.

ராக்கெட்ராமு:
1962இல் நாசாவின் மரைனர் 1 விண்கலம் ஒரு ஹைஃபன் விட்டதால்தானே வெடித்தது?

கோடுவேண்டாம்:
அது ஹைஃபனே இல்லை தம்பி. ராக்கெட்டை வழிநடத்தும் சூத்திரத்தில் ஓர் எழுத்தின் தலைக்கு மேல் இருக்க வேண்டிய கோடு. தானாக வெடிக்கவும் இல்லை. பாதை தவறியதால் அவர்களே அழித்தார்கள்.

மெய்ப்புக்காரர்:
2019இல் அமெரிக்கச் செய்தி நிறுவனமான அசோசியேட்டட் பிரஸ் தன் நடைக் கையேட்டில் 'ஃபர்ஸ்ட் குவார்ட்டர் டச்டவுன்' என்று கோடில்லாமல் எழுதச் சொல்லிப் பார்த்தது. எழுந்த எதிர்ப்பில் அதே ஆண்டு பின்வாங்கியது.

கோடுவேண்டாம்:
சரி, கோலனுக்கு (:) வாருங்கள். பள்ளியில் 'மை ஹாபீஸ் ஆர்' என்று எழுதிக் கோலன் போட்டுத்தானே வளர்ந்தோம்?

மெய்ப்புக்காரர்:
தப்பாக வளர்ந்தோம். கோலனுக்கு முன்னால் இருப்பது தனியாக நிற்கும் வாக்கியமாக இருக்க வேண்டும். 'ஆர்' என்பதோடு நிறுத்தினால் அந்தரத்தில் தொங்குகிறது. 'ஐ ஹேவ் டூ ஹாபீஸ்' என்று முடித்துக் கோலன் போடுங்கள்.

கோடுவேண்டாம்:
அதற்கு அடுத்த எழுத்து பெரியதா, சின்னதா?

மெய்ப்புக்காரர்:
பிரிட்டிஷ் வழக்கில் பொதுவாகச் சின்னது. அசோசியேட்டட் பிரஸ் பாணியில், முழு வாக்கியம் வந்தால் பெரியது.

கோடுவேண்டாம்:
நாளைக்கு என் அறிக்கை லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் சேர்ந்தே போகிறது. கோலனே வராமல் எழுதிவிடுகிறேன், போங்கள்.