அடுத்தடுத்த எண்களின் கூட்டல்: உங்களை விடாமல் உறுத்துவது எது?

பனங்கிழங்கு:
இன்டர்வியூ போனவர்களுக்குத் தெரிந்த கேள்விதான். ஓர் எண்ணை அடுத்தடுத்த எண்களின் கூட்டலாக எத்தனை விதமாக எழுதலாம்? 15 என்றால் 15, 7+8, 4+5+6, 1+2+3+4+5. நான்கு. லூப் போட்டு ஓட்டிக் காட்டினேன், விடை சரி. எதிரே இருந்தவர் திரையைப் பார்க்கவே இல்லை. "15-ஐ மீதியில்லாமல் வகுக்கும் ஒற்றைப்படை எண்களைச் சொல்லுங்கள்" என்றார். 1, 3, 5, 15. "18-க்கு?" 1, 3, 9. கூட்டலும் மூன்றே: 18, 5+6+7, 3+4+5+6. "ஏன் என்று யோசியுங்கள்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். வேலை கிடைத்தது. ஏன் என்பது கிடைக்கவில்லை.

சாக்பீஸ்:
ஏழாம் வகுப்பில் ஆளுக்கொரு எண் கொடுத்து இதையே செய்யச் சொன்னேன். கடைசி பெஞ்சுப் பெண்ணுக்கு 32. பீரியட் முடியப் போகிறது, அவள் நோட்டு முழுக்க அடித்தல் திருத்தல். அழுதுவிடுவாளோ என்று பார்த்தால், எழுந்து போர்டுக்கு வந்து, மாட்டிக்கொண்ட மற்றவர்களின் எண்களையும் கேட்டு வரிசையாக எழுதினாள்: 2, 4, 8, 16, 32. கொஞ்ச நேரம் பார்த்தாள். "சார், 64 யாருக்கும் குடுத்துராதீங்க."

ஒத்தையா ரெட்டையா:
பனங்கிழங்கு, 15-க்கு மூன்றுதான். எண்ணைத் தனியே எழுதி அதையும் கூட்டல் என்றால் 32-க்கும் ஒன்று வந்துவிடும். அப்புறம் அந்தப் பெண் எதற்கு அவ்வளவு பாடுபட்டாள்?

காரணம் இவ்வளவுதான். முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் கூட்டி, மொத்தம் எத்தனை எண்கள் என்பதால் பெருக்கினால், நம் எண்ணைப் போல் இரண்டு மடங்கு வரும். எண்ணிக்கை ஒற்றைப்படை என்றால் முதலும் கடைசியும் இரண்டுமே ஒற்றை, அல்லது இரண்டுமே இரட்டை, கூட்டினால் இரட்டை. எண்ணிக்கை இரட்டைப்படை என்றால் கூட்டல் ஒற்றை. ஆக, பெருக்கும் இரண்டில் ஒன்று கட்டாயம் ஒற்றைப்படை. 15-க்கு 30-ஐப் பிரியுங்கள்: 1×30, 2×15, 3×10, 5×6. சிறியது எண்ணிக்கை, பெரியது முதலும் கடைசியும் சேர்ந்தது. 2×15 தருவது 7+8. 32-க்கு 64-ஐப் பிரித்தால் ஒற்றைப்படை வருவது 1×64 மட்டும். கணித அறிஞர் சில்வெஸ்டர் 1882-லேயே இதைவிடப் பொதுவாகச் செய்துவிட்டார். சாக்பீஸ், நீங்கள் இதைச் சூத்திரமாகப் போர்டில் எழுதிவிடாதீர்கள். தீக்குச்சி கொடுத்து அடுக்கச் சொல்லுங்கள். மூன்று வரிசை, ஐந்து வரிசை என்று அடுக்கினால் அவர்களே பிடித்துவிடுவார்கள். அடுத்த வாரம் அடுத்தடுத்த ஒற்றைப்படை எண்களை மட்டும் வைத்துச் செய்யச் சொல்லுங்கள். 24-க்கு 11+13, 3+5+7+9 வரும். 10-க்கு எதுவுமே வராது. 14-க்கும் வராது.

சைடு லோயர்:
என் கதை ரயிலில். எதிர் சீட்டுப் பெரியவர் செய்தித்தாள் ஓரத்தில் 311 என்று எழுதி, "அடுத்தடுத்த பகா எண் மட்டும்" என்று பேனாவை நீட்டினார். 101+103+107 எனக்கே கிடைத்தது. 53+59+61+67+71-உம் ஒரு வழியாக வந்தது. பேனாவை வாங்கி 31 முதல் 59 வரை ஏழு எண்களை அவர் எழுதினார். அதற்குக் கீழே 11 முதல் 47 வரை பதினொன்று. கூட்டிப் பார்த்தேன், எல்லாம் 311. இதற்கு ஒற்றைப்படை வகுத்தி மாதிரி குறுக்குவழி எதுவும் இல்லை, தேடித்தான் பார்க்க வேண்டும். அவர் தேடியிருக்கிறார்!

பனங்கிழங்கு:
311-உம் பகா எண்தான், அதையும் சேர்த்தால் ஐந்து. 15-க்கு நான்குதான், ஒத்தையா ரெட்டையா. உங்கள் 1×30 என்ன கணக்காம்?