"உங்களுக்கு எத்தனை?" என்று கேட்டவர்

(புற்றுநோய் மருத்துவமனைகளில் இருக்கும் சமூகப் பணியாளர்களைப் பற்றி மூன்று பேர் சொன்னவை.)

கணவருக்குக் குடல் புற்றுநோய். முதல் கீமோ அன்று வெப்பமானி படம் போட்ட ஒரு தாளைக் கொடுத்தார்கள். கடந்த ஒரு வாரத்தில் மனச்சுமை எவ்வளவு என்று 0 முதல் 10 வரை குறிக்க வேண்டும். 4 அல்லது அதற்கு மேல் என்றால் உட்கார்ந்து பேசுவார்களாம். அவர் 3 போட்டார். தாளை வாங்க வந்த சமூகப் பணியாளர் என் பக்கம் திரும்பி, "உங்களுக்கு எத்தனை?" என்றார். நோய் எனக்கில்லையே என்று நினைத்துக்கொண்டே 9 என்றேன்.

காரணம் சாவு பயம்கூட இல்லை. ஆறு வயது மகளிடம் "அப்பாவுக்கு வயிற்றுவலி" என்று சொல்லி வைத்திருந்தோம். அவளோ அப்பா பக்கமே போவதில்லை. அந்தப் பணியாளரோ, நோயின் பெயரைச் சொல்லுங்கள், ஒட்டாது என்று சொல்லுங்கள், நீ செய்த எதனாலும் வரவில்லை என்றும் சொல்லுங்கள் என்றார். மூன்றாவதைச் சொன்னபோதுதான் மகள் அழுதாள். விளையாடும்போது அப்பா வயிற்றில் உதைத்துவிட்டாளாம். இரண்டு மாதமாக அதை மனதில் வைத்திருக்கிறாள்!

*

சமூகப் பணியாளர்கள் என்றால் உதவித்தொகை ஃபாரம் நிரப்பித் தருகிறவர்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதுவும் செய்தார்கள், சரி. ஆனால் தம்பிக்கு (24 வயது, லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்) மறுநாளே கீமோ என்று முடிவானபோது, சமூகப் பணியாளர் அம்மாவைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, பிற்காலத்தில் குழந்தை வேண்டும் என்ற எண்ணம் உண்டா என்று அவனிடம் கேட்டார். சில மருந்துகள் விந்தணு உற்பத்தியைப் பாதிக்கும்; சேமிப்பதென்றால் சிகிச்சைக்கு முன்பே செய்துவிட வேண்டும். அம்மா பக்கத்தில் இருந்திருந்தால் அவன் வாயே திறந்திருக்க மாட்டான். கீமோ இரண்டு நாள் தள்ளிப்போனது. டாக்டரின் முகம் கொஞ்சம் சுருங்கியது, போகட்டும்.

*

எல்லோருக்கும் இப்படி அமைவதில்லை. எங்களுக்கு முதலில் வந்த சமூகப் பணியாளர் எடுத்த எடுப்பிலேயே இறுதிக்காலம் பற்றிப் பேசி அப்பாவைக் கோபப்படுத்திவிட்டார். அப்புறம் வந்தவர் நோயைப் பற்றிப் பேசவே இல்லை. அப்பா பார்த்த வேலையைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். நான்காவது நாள் அப்பாவே ஆரம்பித்தார்: வென்டிலேட்டர் வேண்டாம், தனக்கு நினைவு தப்பினால் அம்மா சொல்வதுதான் முடிவு. அந்தப் பணியாளர் அதை எழுதி, எங்கள் மூவரையும் கூப்பிட்டு வாசித்துக் காட்டினார். (1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸை (இறுதிக்கால நோயாளிகளைப் பராமரிக்கும் இடம்) தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், டாக்டராவதற்கு முன் இதே வேலையில் இருந்தவர் என்று பின்னால் படித்தேன். ஆச்சரியமாக இல்லை.) கடைசி இரவில் அண்ணன் தம்பிகள் சண்டை போடாமல் இருந்ததற்கு அந்தத் தாள்தான் காரணம்.

அப்பா போய் மூன்று வாரம் கழித்து அந்தப் பணியாளர் அம்மாவுக்குப் போன் செய்தார். கதவைச் சாத்திக்கொண்டு அம்மா நாற்பது நிமிடம் பேசினார். எங்களிடம் அதுவரை நான்கு வார்த்தை பேசியிருப்பாரா, சந்தேகம்தான்.