பில்லியன்ல தடுக்கி விழுந்தவங்க இருக்கீங்களா?

மியூனிக்_இட்லி:
2018ல நடந்தது. இப்பவும் நினைச்சா காது சூடாகுது. வாடிக்கையாளர் கம்பெனியோட வருஷ விற்பனை 3 பில்லியன் யூரோ. ஜெர்மன் ஸ்லைடுல நானும் '3 பில்லியோன்'னே போட்டுட்டேன். மேனேஜர் பென்சிலால அந்த வார்த்தையை வட்டம் போட்டார். சிரிக்கக்கூட இல்ல. "நம்ம மத்திய அரசோட பட்ஜெட்டே 350 மில்லியார்டே வராதே"ன்னார். இங்க 100 கோடிக்கு மில்லியார்டே. பில்லியோன்னா லட்சம் கோடி. 300 கோடி கம்பெனியை 3 லட்சம் கோடி ஆக்கிட்டேன். அந்த பென்சில் வட்டம்தான் மறக்க மாட்டேங்குது.

காணிக்காரன்:
நான் யாழ்ப்பாணம், வேலை கொழும்பில. எங்கட பேப்பரில அரசாங்கக் கணக்கெல்லாம் மில்லியன், பில்லியன்தான். சென்னையில காணி பாக்கப் போனன். புரோக்கர் "ஒன்றரைக் கோடி" எண்டார். "அப்ப பதினஞ்சு மில்லியனோ?" எண்டு கேட்டன். மனுசன் என்னை மேலயும் கீழயும் பாத்திட்டு, "அதெல்லாம் வேணாம் சார், ரூபாயாவே குடுங்க" எண்டார்.

கணக்குப்பிள்ளை:
மியூனிக், ஜெர்மன்காரர் மேல தப்பில்ல. பில்லியன்ல வர்ற 'பி'ன்னா (bi) ரெண்டு. மில்லியனை மில்லியனால பெருக்கினாத்தான் பில்லியன், 12 சைபர். பழைய கணக்கு அதுதான், 9 சைபர் கணக்கு பிரான்ஸ்ல ஆரம்பிச்சு அமெரிக்காவுக்குப் போச்சு. பிரிட்டனும் 12 சைபர்லதான் இருந்தது, 1974ல பிரதமர் ஹரால்டு வில்சன் அரசாங்கக் கணக்குல இனி பில்லியன்னா ஆயிரம் மில்லியன்தான்னு பார்லிமென்ட்ல சொல்லிட்டார். பிரான்ஸ் நேரெதிர், 1961ல 12 சைபருக்கே அதிகாரபூர்வமா திரும்பிடுச்சு. என் பொண்ணோட வீட்டுப்பாடத்துல 12 சைபர் போடச் சொல்லி, டீச்சர்கிட்ட அவ திட்டு வாங்கினா. அது என் கதை. உங்களுக்கு ஒண்ணு சொல்றேன்: வார்த்தையே எழுதாதீங்க, சைபரா எழுதுங்க. அதுலயும் ஜாக்கிரதை. ஜெர்மனியில ஆயிரத்தைப் பிரிக்க புள்ளி, தசமத்துக்குக் கமா. எக்செல்ல எந்த நாட்டு அமைப்பு இருக்குன்னு முதல்ல பாருங்க. அனுப்பறதுக்கு முன்னாடி இன்னொருத்தர்கிட்ட காட்டுங்க. பத்தின் அடுக்கா எழுதினா இன்னும் நல்லது.

டோக்கியோ_தோசை:
நீங்க எல்லாம் மூணு மூணு சைபரா சண்டை போடறீங்க. ஜப்பான்ல எழுதறப்ப கமா மூணு மூணா, வாசிக்கறப்ப நாலு நாலா. பத்தாயிரம் ஒரு 'மான்', பத்தாயிரம் மான் ஒரு 'ஒகு'. 3 லட்சம் யென் சம்பளம்னா 30 மான், அதுவரைக்கும் சமாளிச்சுடலாம். வீடு காட்டினவர் "இச்சி ஒகு", அதாவது ஒரு ஒகுன்னு சொன்னார். ஒரு கோடி யென்தானேன்னு மனசுக்குள்ள போட்டு, ரொம்ப தாராளமா தலையாட்டினேன். ஒகுன்னா பத்து கோடி. அவர் அதுக்குள்ள ரெண்டாவது தடவை டீ கொண்டுவரச் சொல்லிட்டார்.

கணக்குப்பிள்ளை:
டோக்கியோ, வலது பக்கத்துல இருந்து நாலு நாலா கோடு போட்டு எண்ணிப் பழகுங்க.

மியூனிக்_இட்லி:
ஐயா, என் ஸ்லைடு 2018லயே பிரின்ட் ஆயிடுச்சு. காணிக்காரன், அந்த இடம் வாங்கினீங்களா?

காணிக்காரன்:
எங்க வாங்கிறது! ஒன்றரைக் கோடி ஒரு கிரவுண்டுக்காம். நான் முழுக் காணிக்கும் எண்டு நினைச்சிட்டன்.