ஜான் ஹாரோவர் கர்னலின் மேசையில் உண்டவர்: அவரை அடிமை என்பது முறையா?

ஏட்டுச்சுவடி:
"வர்ஜீனியாவுக்குப் போன ஸ்காட்லாந்துக்காரர் ஜான் ஹாரோவர், ஐந்து பவுண்டுக்கு விற்கப்பட்ட வெள்ளை அடிமை" என்று தறிக்காரன் நேற்று இங்கே எழுதியிருந்தார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. ஹாரோவர் ஷெட்லாந்துத் தீவுகளின் லெர்விக் ஊரைச் சேர்ந்த வணிகர். தொழில் நொடித்துப்போக, மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் விட்டுவிட்டு, எட்டரைப் பென்னியும் மூன்று பவுண்டு பெறுமான காலுறைகளுமாக 1773 டிசம்பர் 6 அன்று ஊரைவிட்டுக் கிளம்பினார். லண்டனில் கடைசி ஷில்லிங்கும் தீரும் நிலையில், 1774 ஜனவரி 26 அன்று, நான்கு ஆண்டுகள் பள்ளி ஆசிரியராகப் பணிபுரிய ஒப்புக்கொண்டார். படுக்கை, உணவு, சலவை ஆகியவற்றோடு, நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்து ஐந்து பவுண்டு தருவதாகப் பேச்சு. அந்த ஐந்து பவுண்டு அவருக்குக் கிடைக்கவேண்டிய ஊதியம். அதை அவருடைய விலையென்று எழுதுவது தவறு.

தறிக்காரன்:
சரி, ஐந்து பவுண்டை விடுங்கள். அவரை ஏற்றிவந்த 'பிளான்டர்' கப்பல், கடல் பயணத்துக்கு ஈடாகச் சில ஆண்டுகள் உழைக்கக் கையெழுத்திட்ட 75 ஒப்பந்தப் பணியாளர்களோடு வர்ஜீனியாவின் ஃபிரெடெரிக்ஸ்பர்க் வந்து நின்றபோது நடந்ததை ஏன் மறைக்கிறீர்கள்? ஒப்பந்தங்களை வாங்கக் கப்பலேறியவர்களில் ஆள் ஓட்டிகள் இருவர் இருந்தார்கள் என்றும், அத்தகையவர்கள் பணியாளர்களை மொத்தமாக வாங்கி, நல்ல விலை கிடைக்கும்வரை ஆட்டு மந்தையைப்போல நாடெங்கும் ஓட்டிச் செல்வார்கள் என்றும் 1774 மே மாத நாட்குறிப்பில் எழுதியவர் ஹாரோவரேதான். அவருடைய ஒப்பந்தத்தையும் கர்னல் வில்லியம் டேஞ்சர்ஃபீல்டு வாங்கினார். வாங்கப்பட்டவரை வேறு எப்படிச் சொல்வது?

ஏட்டுச்சுவடி:
அந்த ஓட்டிகளின் கையில் ஹாரோவர் சிக்கவே இல்லை. நான் நாட்குறிப்பை முழுதாகப் படித்தவன். ராப்பஹானக் ஆற்றங்கரையில் இருந்த கர்னலின் பெல்விடேரா பண்ணையிலிருந்து மனைவிக்கு எழுதிய கடிதத்தில், "அவர்களுடைய மேசையிலேயே உண்கிறேன்" என்கிறார். காலையில் காப்பி அல்லது சாக்லேட் பானம், மிக உயர்ந்த மாவில் சுட்ட சூடான ரொட்டி. மதியத்தில் புகையூட்டிய பன்றி இறைச்சி. எந்த அடிமைக்கு எஜமானனின் மேசையில் இடம் கிடைத்தது? இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

மலைநாட்டு மகள்:
ஆட்டு மந்தையென்ற அந்த வரி என்னை வேறோர் இடத்துக்குக் கொண்டுபோய்விட்டது. கங்காணிகளின் பின்னால் இலங்கைத் தோட்டங்களுக்கு நடந்துவந்தவர்களின் வழியில் வந்தவள் நான். தாமாகக் கைநாட்டு வைத்தவர்கள்தானே என்று எங்களுக்கும் காலங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். கடைசி ஷில்லிங்கில் நிற்பவன் போடும் கையெழுத்தை மனமொப்பியது என்று ஏட்டுச்சுவடி ஐயா எப்படிக் கொள்கிறார்?

ஏட்டுச்சுவடி:
அம்மா, உங்கள் முன்னோர் பட்ட துன்பத்தை நான் மதிக்கிறேன்; ஆனால் அவர்களைத் தோட்டத் துரை தன் மேசையில் அமர வைக்கவில்லை. ஹாரோவர் அமர்ந்தார். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கும் கற்பித்துத் தனியாகக் கட்டணம் பெற்றுக்கொள்ளக் கர்னல் அனுமதித்தார். காது கேளாத, வாய் பேசாத சிறுவன் ஒருவனுக்கும் அவர் எழுதக் கற்பித்தார். இவையெல்லாம் ஒரு மதிப்புக்குரிய ஆசிரியரின் வாழ்க்கை.

வைகைக்கரை:
காப்பி கொடுத்ததை மரியாதைக்குச் சான்றாக வைக்காதீர்கள். பிரிட்டன் விதித்த தேயிலை வரிக்கு எதிர்ப்பாக அப்போது வர்ஜீனியாவில் தேநீரைக் கைவிட்டிருந்தார்கள். ஹாரோவரே அதை மனைவிக்கு எழுதியிருக்கிறார்.

ஏட்டுச்சுவடி:
நான் மேசையைப் பற்றிப் பேசுகிறேன், நீங்கள் கோப்பையைப் பற்றிப் பேசுகிறீர்கள். முன்பு இங்கே டச்சுக் கப்பல்கள் குறித்து நடந்த விவாதத்திலும் இப்படித்தான் நடுவில் புகுந்து திசை திருப்பினீர்கள். நான் அதை மறக்கவில்லை.

வைகைக்கரை:
அந்த விவாதத்தில் நான் எழுப்பிய கேள்விக்கு நீங்கள் இன்றுவரை பதில் சொல்லவில்லை என்பதையும் மறக்காமல் இருந்தால் நல்லது.

தறிக்காரன்:
உணவுண்டது கர்னலின் மேசையில், உறங்கியது எங்கே? பண்ணை வீட்டிலிருந்து விலகி, மரவரிசை முடியும் இடத்தில் தனியாக நின்ற பள்ளிக்கூடத்தில். ஒருவேளை சோற்றுக்கு அழைத்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்கிறீர்களே, ஓடிப்போன ஒப்பந்தப் பணியாளர்களைப் பிடித்துவரப் பரிசு அறிவித்துச் செய்தித்தாள்களில் விளம்பரம் கொடுத்த காலமல்லவா அது?

ஏட்டுச்சுவடி:
அந்தப் பள்ளிக்கூடத்தில் அவருக்கு இறகு மெத்தை இருந்தது. அதே கடிதத்தில், கர்னலின் குடும்பத்து வெள்ளையர்களை எண்ணும்போது, பண்ணைக் கண்காணிப்பாளரோடும் வீட்டுப் பொறுப்பாளரோடும் தம்மையும் சேர்த்து எண்ணுகிறார். கறுப்பினத்தவர் எத்தனை பேர் என்பது கடவுளுக்குத்தான் தெரியும், சுமார் முப்பது பேர் நாள்தோறும் வயலில் உழைக்கிறார்கள் என்று அடுத்தபடியாக எழுதுகிறார். அந்த முப்பது பேருக்கு நான்காண்டு ஒப்பந்தம் கிடையாது, ஐந்து பவுண்டு கிடையாது, அவர்களுடைய பிள்ளைகளுக்கும் விடுதலை கிடையாது. அவர்களில் ஒருவரின் பெயரைக்கூட எழுதாமல், எஜமானனோடு ஒரே தட்டு வரிசையில் உண்டவரை அடிமை என்று தூக்கிப் பிடிப்பது அவர்களுக்குச் செய்யும் அநீதி. மேசை, மேசை என்று நான் சொல்வதன் பொருள் இதுதான்.

மலைநாட்டு மகள்:
அவர்களின் துயரத்தை நானும் குறைத்துப் பேசவில்லை. ஒரு கொடுமையைக் காட்டி இன்னொன்றை நல்வாழ்வு என்று எழுதுவதைத்தான் மறுக்கிறேன்.

தறிக்காரன்:
நான்காண்டு, நான்காண்டு என்கிறீர்களே, அந்த நான்கு ஆண்டுகளை அவர் முடித்தாரா? 1777-இல், தவணை தீரும் முன்பே இறந்துபோனார். மனைவியையும் பிள்ளைகளையும் வர்ஜீனியாவுக்கு அழைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை நிறைவேறவில்லை. வாங்கியவரின் நிலத்திலேயே முடிந்த வாழ்க்கை அது.

ஏட்டுச்சுவடி:
அவர் குடும்பத்துக்காகச் சுமார் 70 பவுண்டு சேர்த்து வைத்திருந்தார் என்று கர்னலே அவருடைய மனைவிக்கு எழுதினார். ஐந்து பவுண்டு ஒப்பந்தத்தில் வந்தவர் 70 பவுண்டு சேர்த்திருக்கிறார். அடிமையால் முடியுமா? மேசையைப் பற்றிய என் கேள்விக்கும் இன்னும் ஒருவரும் நேரான பதில் தரவில்லை.

தறிக்காரன்:
வாங்கியவரின் மேசையில் உண்டார் என்று நீங்களே எழுதுகிறீர்கள். "வாங்கியவர்" என்பதற்கு முதலில் நீங்கள் பதில் சொல்லுங்கள்.