டாட்சன் 240-இசட் காருக்கு 17 அங்குல வீல் பொருந்துமா?

கேள்வி

வணக்கம். கலிஃபோர்னியாவில் வசிக்கும் நான் 1972ஆம் ஆண்டின் டாட்சன் 240-இசட் ஒன்றை வைத்திருக்கிறேன். ஸ்டிரட் (வீலைத் தாங்கும் அதிர்வுத்தாங்கிக் கம்பம்), ஸ்ப்ரிங் உட்பட அனைத்தும் தொழிற்சாலையில் பொருத்தியபடியே உள்ளன; மட்கார்டுகளின் விளிம்பில்கூட இதுவரை யாரும் கை வைத்ததில்லை. நாலரை அங்குல அகலமுள்ள பழைய 14 அங்குல இரும்பு வீல்களில் 175 டயர்கள் ஓடுகின்றன. பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண் 2311 என்று காட்டுவதால், அதாவது 2011ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டவை என்பதால், டயர்களை மாற்றியே ஆக வேண்டும். அதோடு அலாய் வீலுக்கும் மாறிவிடலாம் என்பது என் எண்ணம்.

வீல் கடையில் 17 அங்குல விட்டமும் 8 அங்குல அகலமும் சுழி ஆஃப்செட்டும் கொண்ட வீலையும் 225/45ஆர்17 டயரையும் (அகலம் 225 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 45 விழுக்காடு, ரிம் 17 அங்குலம்) பரிந்துரைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: அந்த டயரின் மொத்த விட்டம் சுமார் 634 மி.மீ.; இப்போதுள்ளது ஏறத்தாழ 635. விட்டம் மாறவில்லை என்றால் இடிக்க வாய்ப்பில்லை என்கிறார் கடைக்காரர். ஆனால் இந்தக் காரை வைத்திருக்கும் பலர் பின்பக்கம் உரசும் என்று சொல்கிறார்கள். உடலை வெட்டவோ விளிம்பை மடக்கவோ எனக்கு மனமில்லை. எந்த அளவு சரியாக இருக்கும்?

மறுமொழி 1

விட்டக் கணக்கு சரிதான். ஆனால் இந்தக் காரில் சிக்கல் உயரத்தோடு முடிந்துவிடுவதில்லை, அகலத்திலும் இருக்கிறது. 240-இசட் காரில் முன்பக்கம் மட்டுமல்லாமல் பின்பக்கமும் ஸ்டிரட்தான். பின் ஸ்டிரட்டின் நடுவே ஸ்ப்ரிங்கைத் தாங்கும் வட்டமான தட்டு ஒன்று இருக்கிறது. காரை ஜாக்கியில் ஏற்றி, பின் வீலைக் கழற்றிவிட்டு, விளக்கடித்துப் பாருங்கள்: டயரின் உட்பக்கத் தோள் வந்து நிற்கும் இடத்துக்குச் சற்று மேலேயே அந்தத் தட்டின் விளிம்பு நீட்டிக்கொண்டிருக்கும். வீலும் ஸ்டிரட்டும் சேர்ந்தே ஏறி இறங்குவதால், அந்த இடைவெளி பள்ளத்தில் விழும்போது குறைவதும் இல்லை, வேறெப்போதும் கூடுவதும் இல்லை. வண்டி நிற்கும்போது இடித்தால் எப்போதும் இடிக்கும்.

8 அங்குல வீலை எடுத்துக்கொள்ளுங்கள். சுழி ஆஃப்செட் என்றால் வீலின் அகலம் ஹப்பின் (வீலைப் பூட்டும் மையப் பகுதியின்) முகத்துக்கு இருபுறமும் சரிபாதியாகப் பிரிகிறது. 7 அங்குல வீலோடு ஒப்பிட்டால் உட்புறம் அரை அங்குலமும் வெளிப்புறம் அரை அங்குலமும் கூடுகின்றன. உட்புறத்தில் தட்டு தடுக்கிறது. வெளிப்புறத்தில், நீங்கள் தொடக் கூடாது என்று நினைக்கும் அதே மட்கார்டு விளிம்பு தடுக்கிறது. ஆஃப்செட்டை மாற்றினால் தொல்லை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகுமே தவிர, தீராது. 8 அங்குல வீல் போட்டிருப்பவர்களில் பலர் ஒல்லியான ஸ்ப்ரிங் கொண்ட காயில்ஓவர் (ஸ்ப்ரிங்கும் அதிர்வுத்தாங்கியும் ஒன்றாக அமைந்த மாற்றுப் பாகம்) போட்டு அந்தத் தட்டையே நீக்கியவர்கள், அல்லது விளிம்பை மடக்கியவர்கள்.

எதையும் தொடாமல் இருக்க வேண்டுமானால், பல ஆண்டுகளாக இசட் உரிமையாளர்கள் நம்பிப் பயன்படுத்திவரும் அளவு 7 அங்குல அகலமும் சுழி ஆஃப்செட்டும் ஆகும். 15 அங்குலத்தில் 195/60 அல்லது 205/60, 16 அங்குலத்தில் 205/55. பழைய வாட்டனாபே, பானாஸ்போர்ட் அலாய் வீல் வடிவங்கள் இந்தக் காருக்கு எவ்வளவு பொருந்துகின்றன என்பதை ஒருமுறை நேரில் பார்த்தவர்கள் 17 அங்குலத்தை நாடுவார்களா என்பது என் ஐயம். ஆனால் அது என் ரசனை.

இன்னொன்று. வீல் வெளியே தள்ளிப்போகப் போக, பவர் உதவி இல்லாத இந்த ஸ்டீயரிங் நிறுத்துமிடத்தில் கனக்கும். சாலையின் ஒவ்வொரு மேடுபள்ளமும் கைக்கு எட்டும். வீல் பேரிங்குக்கும் சுமை கூடும். ஆயிரம் கிலோவுக்குச் சற்றே மேற்பட்ட எடைதான் இந்தக் காருக்கு. அதன் லாகவமே அதன் அழகு என்று கருதுகிறவன் நான். அதை அகலமான டயருக்காக இழக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மறுமொழி 2

முந்தைய நண்பர் கூறியதோடு முழுவதும் உடன்படுகிறேன். 15 அங்குலம் வாங்குவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. பிடிப்பு மிகுந்த டயர்கள் 205/50ஆர்15 அளவில் எளிதில் கிடைப்பதால் அதன்மேல் ஆசை வரும். அதன் விட்டமோ 586 மி.மீ. மட்டுமே, அதாவது உங்கள் டயரைவிட ஏறத்தாழ 8 விழுக்காடு குறைவு. ஸ்பீடாமீட்டர் உண்மையான வேகத்தைவிடக் கூடுதலாகக் காட்டும். நெடுஞ்சாலையில் எஞ்சினும் அதே அளவு கூடுதலாகச் சுழன்றுகொண்டிருக்கும். காரும் தரையை நோக்கி இரண்டரை செ.மீ. இறங்கிவிடும். மாறாக 205/55ஆர்16 சுமார் 632 மி.மீ. வருகிறது. இன்றைய சாதாரண கார்கள் பலவற்றிலும் உள்ள அளவு என்பதால் எந்தக் கடையிலும் நல்ல டயர் கிடைக்கும். பக்கச்சுவரும் 113 மி.மீ. உயரம் இருப்பதால் பள்ளத்தில் ரிம் வளையும் அச்சம் குறைவு. 225/45ஆர்17இல் அது 101 மி.மீ.தான்.

நட்டுகளைப் பற்றி யாரும் சொல்லவில்லை. உங்கள் ஹப்பில் உள்ளவை 114.3 மி.மீ. வட்டத்தில் அமைந்த நான்கு ஸ்டட்கள் (நட்டு ஏறும் மரையாணிகள்). மரையின் விட்டம் 12 மி.மீ., மரைகளுக்கு இடையே 1.25 மி.மீ. இடைவெளி. 1.5 இடைவெளியுள்ள நட்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஓரிரு சுற்று ஏறியபின் இறுகும். பலவந்தமாக முறுக்கினால் ஸ்டட் மரை போய்விடும். அலாய் வீலின் முகம் இரும்பு வீலைவிடத் தடிமனானது. ஆகவே நட்டு குறைந்தது ஒன்பது அல்லது பத்து முழுச் சுற்றாவது ஏறுகிறதா என்று கையால் எண்ணிப் பாருங்கள். ஏறவில்லை என்றால் நீளமான ஸ்டட் போட வேண்டும். புதிய வீலில் 80 கி.மீ. ஓடியபின் டார்க் ரெஞ்ச் (முறுக்கு விசையை அளந்து இறுக்கும் ஸ்பானர்) வைத்து மீண்டும் ஒருமுறை இறுக்கத்தைச் சரிபார்ப்பது கட்டாயம்.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. 16க்கு 7, சுழி ஆஃப்செட், 205/55 என்று முடிவு செய்துவிட்டேன். பிற்பாடு முன் பிரேக்கில் நான்கு பிஸ்டன் கேலிப்பர் (பிரேக் பேடுகளை அழுத்திப் பிடிக்கும் பாகம்) பொருத்தும் எண்ணம் உண்டு. அதற்கும் இதே வீல் போதுமா?

மறுமொழி 1

16 அங்குலத்தில் விட்டம் தாராளமாகவே இருக்கும். ஆனால் கேலிப்பரின் முகம் ஸ்போக்கின் உட்புறத்தில் இடிப்பது வீலின் வடிவத்தைப் பொறுத்தது. முடிந்தால் கேலிப்பரை முதலில் பொருத்திவிட்டு வீல் வாங்குங்கள். எப்படியானாலும் டயர் ஏற்றிய ஒரே ஒரு வீலை மட்டும் கடையிலிருந்து கொண்டுவந்து பாருங்கள். பின்பக்கத் தட்டின் விளிம்பில் களிமண் உருண்டை ஒன்றை ஒட்டி வீலைப் பூட்டிச் சுற்றிவிட்டு, நசுங்கி நிற்கும் களிமண்ணின் தடிமனை அளந்தால் இடைவெளி தெரிந்துவிடும். ஐந்து மி.மீ.க்குக் குறைந்தால் அந்த டயர் வேண்டாம். ஒரே அளவு எழுதியிருந்தாலும் ஒரு நிறுவனத்தின் டயர் மற்றொன்றைவிட அகலமாக இருக்கும். முன்பக்கத்தில் ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுவதுமாகத் திருப்பி, பம்பருக்குக் கீழே உள்ள தகட்டின் மூலையை டயர் தொடுகிறதா என்று பாருங்கள். காரின் எடை வீலின்மேல் இருக்கும்போதுதான் இதைச் செய்ய வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போது தெரியாது.