மறு: காப்புரிமைத் தடையா, காடா? 'காப்புரிமைப் பற்றை' எப்படி?

அன்பின் நண்பர்களுக்கு,

ஒரு பொருளைச் செய்யத் தேவையான நுட்பங்கள் பலருடைய காப்புரிமைகளில் (patent) சிதறிக் கிடக்கின்றன. அத்தனை பேரும் சம்மதித்தால்தான் அதை விற்க முடியும். ஆங்கிலத்தில் 'patent thicket' எனப்படும் இந்த நிலைக்குத்தான் நம் அகராதிக்காகச் சொல் தேடுகிறோம். முன்வைக்கப்பட்ட 'காப்புரிமைத் தடை' போதாது. தடை என்றால் எதிரே ஒருவர் நிற்கிறார், பேசித் தீர்க்கலாம் என்று தோன்றும். இங்கே நிற்பவர் ஒருவரல்ல, வினையே அதுதான்.

இலங்கை மலையகத்தில், எங்கள் ஹட்டன் கடைத்தெருவில் எந்தத் தையற்காரரின் மெஷினையும் உற்றுப் பாருங்கள். ஊசிக்குக் கண் நுனியில் இருக்கும், கீழிருந்து இன்னொரு நூல் வந்து கொளுவும். அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் 1846இல் காப்புரிமை பெற்ற முறை அது. துணியை நகர்த்தும் பல், அலன் வில்சனுடையது. நன்றாக ஓடும் மெஷினைச் செய்து விற்ற ஐசக் சிங்கர்மேல் ஹோவ் வழக்குப் போட்டு வென்றார். அப்புறம் ஆளுக்கு ஆள் வழக்கு. எல்லார் கையிலும் ஒரு துண்டு இருந்தது, முழு மெஷினை நிம்மதியாக விற்க ஒருவராலும் முடியவில்லை. 1856இல் ஹோவ், சிங்கர் உட்பட நான்கு தரப்பும் தங்கள் உரிமைகளை ஒன்றாகப் போட்ட பிறகே சண்டை ஓய்ந்தது. அந்த ஏற்பாடு 1877 வரை நீடித்தது. மற்றத் தயாரிப்பாளர்கள் அவர்களுக்குக் கட்டணம் கட்டினார்கள்.

நம் பக்கத்துக்கு வருவோம். தேயிலைக் கொழுந்து வெட்ட, பெண்கள் தூக்கக்கூடிய எடையில், பற்றரியில் ஓடும் கருவியொன்றை ஒரு சிறு பட்டறைக்காரர் செய்கிறார் என்று வையுங்கள். காப்புரிமை நாட்டுக்கு நாடு வேறு. இலங்கையில் பதியாதது இங்கே அவரைக் கட்டுப்படுத்தாது. ஆனால் ஜப்பானுக்கோ இந்தியாவுக்கோ அனுப்ப நினைத்தால், கத்தி ஒருவருடையதாக இருக்கலாம், மோட்டார்க் கட்டுப்பாடு இன்னொருவருடையதாக இருக்கலாம். ஒவ்வொன்றும் 20 ஆண்டு வரை செல்லும். தேடிப் பார்க்கவே வழக்கறிஞர் வேண்டும், அதற்குப் பணம் வேண்டும். அவர் ஒதுங்கிவிடுவார். செய்யாதே என்று யாருமே சொல்லாமல் ஒரு நல்ல கருவி நின்றுபோவதை என்னால் ஏற்க முடியவில்லை. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வோர் உரிமையும் நியாயமானதாகவே இருக்கலாம். சேரும்போதுதான் வழி அடைபடுகிறது.

அதனால்தான் 'பற்றை' என்கிறேன், அடர்ந்து பின்னிக் கிடக்கும் புதர்க்கூட்டத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். கவ்வாத்து (கிளை வெட்டிச் சீராக்குவது) இல்லாமல் கைவிட்ட தேயிலை மலைக்குள் போனவர்களுக்குத் தெரியும்: பெருமரம் என்று எதுவும் இராது, ஆனாலும் காலெடுத்து வைக்க முடியாது. 'காடு' என்றால் பெருமரங்கள்தான் நினைவுக்கு வரும். 'புதர்' ஒற்றையாகவும் நிற்கும். தமிழக நண்பர்களுக்குப் 'பற்றை' புதிதாகப் படலாம். அகராதியில் 'புதர்' இணைச்சொல்லாக இருக்கட்டும்.

இன்னொன்று. Intellectual property என்பதை இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டம் 'புலமைச் சொத்து' என்கிறது, தமிழகத்தில் 'அறிவுசார் சொத்து'. இரண்டையும் பதிவோம், இதில் சண்டை வேண்டாம்.

தையல் மெஷின்காரர்கள் 1856இல் செய்த ஏற்பாட்டுக்குச் ஆங்கிலத்தில் 'patent pool' என்று பெயர்; அதற்குச் சென்ற மடலில் வந்த 'காப்புரிமைக் குளம்' பொருந்தாது. அங்கே நடந்தது பங்காளிகள் கூட்டுச் சேர்ந்தது. 'காப்புரிமைக் கூட்டு' என்று வைக்கலாமா? மறுப்பிருந்தால் காரணத்தோடு எழுதுங்கள்.